விதவையின் கடனும் விதைக் காணிக்கையும்

எங்கள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி ஓர் அம்மா இருக்கிறார். வயது அறுபதைத் தாண்டிவிட்டது. பாக்குக் காலம் வந்தால் களத்துக்குப் போய்ப் பாக்கு உரிப்பார். மற்ற நாட்களில் கிடைத்த வேலை. கணவர் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. ஒரே மகன், டிப்ளமா படித்தவன், நிரந்தர வேலை இல்லை. அவர் பெயரை எழுதப்போவதில்லை. வாழப்பாடி சின்ன ஊர்.

மனு எழுத, பேங்க் படிவம் நிரப்ப என்று தெருவில் பலரும் என்னிடம் வருவதுண்டு. காரைக்கால் கருவூலத்தில் முப்பத்தாறு வருஷம் எழுதிய கை. ஓய்வு பெற்று மனைவியின் ஊரான இங்கே வந்த பிறகும் சும்மா இருக்க மறுக்கிறது. 2023 மார்கழியில் அந்த அம்மாவும் வந்தார். "சார், ஒரு லெட்டர் எழுதணுங்க. பாஸ்டர் ஐயாவுக்குங்க" என்றார். எங்கள் ஊர்ச் சபை போதகருக்கு அல்ல. வெளியூரிலிருந்து வந்து சேலத்தில் பெரிய கூட்டம் நடத்திய ஒருவருக்கு.

அந்த வருஷம் ஜனவரியில் நடந்த கூட்டம் அது. இந்த மாதத்துக்குள் விதைக் காணிக்கை போடுகிறவர்களுக்கு வருஷம் முடிவதற்குள் நூறு மடங்கு அறுவடை, பிள்ளைகளுக்கு வேலை, கடனிலிருந்து விடுதலை என்று மேடையில் சொல்லியிருக்கிறார்கள். இந்த அம்மா மகளிர் குழுவில் முப்பதாயிரம் கடன் எடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டார். 24 மாதத் தவணை. மாதம் ஆயிரத்து ஐநூறுக்குச் சற்று மேல். வருஷம் முடியப் போகிறது, மகனுக்கு வேலை வரவில்லை. அவர்கள் கொடுத்திருந்த எண்ணுக்குப் போன் செய்தால், எடுத்தவர், "உங்க விசுவாசத்துல எங்கயோ குறை இருக்கும்மா, உங்களை நீங்களே சோதிச்சுப் பாருங்க" என்று சொல்லி, இன்னொரு விதை போடுவதைப் பற்றியும் சொல்லியிருக்கிறார்.

பணத்தைத் திருப்பிக் கேட்டு எழுதச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் கேட்டது வேறு. "என் விசுவாசத்துல எங்க குறைன்னு ஐயாகிட்ட கேட்டு எழுதுங்க சார்."

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இந்த மாதிரிப் பிரசங்கத்துக்குச் செழிப்பு உபதேசம் என்று பெயர். கடவுளை நம்பினால் பணமும் ஆரோக்கியமும் வந்தே தீரும். வரவில்லை என்றால் நம்பிக்கை போதவில்லை. நம்பிக்கையைக் காட்ட வழி, காணிக்கை கொடுப்பது. இவ்வளவுதான் சாரம். இது எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் பின்னோக்கிப் பார்க்கத் தோன்றியது.

முதலில் என் வீட்டுக் கணக்கையே பார்த்துவிடுகிறேன். நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து பிரெஞ்சு மொழியில் படித்தவன். பாவமன்னிப்புச் சீட்டு என்று சரித்திரப் புத்தகத்தில் நாம் எல்லோரும் படித்ததை விற்றது எங்கள் திருச்சபைதான். சரியாகச் சொன்னால் அது பாவத்துக்கான தண்டனையைக் குறைக்கும் சீட்டு. ஆனால் வாங்கிய ஏழைக்கு அந்த வித்தியாசம் எவ்வளவு புரிந்திருக்கும்? ஐரோப்பாவில் தேதியோடு அச்சான தாள்களில் நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழையவை, 1454-ல் மைன்ஸ் நகரில் அச்சான இந்தச் சீட்டுகள்தான். பெயர் எழுத இடம் விட்டு, நம் ஊர் ரசீதுப் புத்தகம் போலவே இருக்கும்.

அதே மைன்ஸ் நகரத்துப் பேராயர் பதவியை ஆல்பிரெக்ட் என்ற பிரபு பிடித்தபோது ரோமுக்குப் பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஆக்ஸ்பர்க் நகரத்து ஃபூகர் என்ற வட்டிக்கடைக் குடும்பத்திடம் கடன் வாங்கிக் கட்டினார். அந்தக் கடனை அடைக்கத்தான் சீட்டு விற்பனை. வசூலில் பாதி ரோமில் புனித பேதுரு கோயில் கட்டுவதற்கு, மீதிப் பாதி ஃபூகர் கடனுக்கு. டெட்ஸல் என்ற துறவி ஊர் ஊராகப் போய்ச் சீட்டு விற்றபோது, காசுப் பெட்டியைக் கண்காணிக்க ஃபூகர் ஆளும் கூடவே போனார். கருவூலத்தில் வேலை பார்த்தவனுக்கு இந்த இடத்தில் ஒரு சிரிப்பு வருவதைத் தவிர்க்க முடியாது. பக்தி முன்னே போக, கணக்குப்பிள்ளை பின்னே போயிருக்கிறார். 1517-ல் மார்ட்டின் லூத்தர் எதிர்த்து எழுதியதும் திருச்சபை இரண்டானதும் நீங்கள் அறிந்ததே. காசு வாங்கிக்கொண்டு இந்தப் பலன்களைத் தருவதை ஐந்தாம் பத்திநாதர், அதாவது பாப்பரசர் ஐந்தாம் பயஸ், 1567-ல் ரத்து செய்தார். ஐம்பது வருஷம் ஆயிற்று அதற்கு.

அந்த லூத்தரைப் பின்பற்றிய ஒருவர் எங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே வந்து இறங்கினார். காரைக்காலிலிருந்து வடக்கே தரங்கம்பாடி பஸ்ஸில் அரைமணி நேரம். பள்ளிக்கூட நாட்களில் அங்கே கடற்கரையில் இருக்கும் டேனிஷ் கோட்டையைப் பார்க்கப் போவோம். எங்கள் வாத்தியார்கள் அங்கே வந்த புரொட்டஸ்டண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டார்கள். சீகன்பால்குவைப் பற்றி நான் பிற்பாடுதான் படித்தேன். 1706 ஜூலையில், 24 வயது நிரம்பும் சமயத்தில் வந்தார். தமிழ் கற்றார், அச்சுக்கூடம் வைத்தார், புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார். 36 வயதில் 1719-ல் அங்கேயே இறந்தார். இவையெல்லாம் பலருக்குத் தெரியும். அவர் ஜெயிலுக்குப் போன கதை அவ்வளவாகத் தெரியாது.

1708-ல் தரங்கம்பாடியில் ஒரு நாவிதர் இறந்துபோனார். அவருக்கும் டேனிஷ் கம்பெனியில் மொழிபெயர்ப்பாளராக இருந்த ஒருவருக்கும் இடையே ஒரு கடன் விவகாரம். அது அந்த விதவையின் தலையில் வந்து விழுந்தது. மொழிபெயர்ப்பாளர் கம்பெனி ஆள், கத்தோலிக்கர், செல்வாக்கு உள்ளவர். சீகன்பால்கு விதவையின் பக்கம் நின்றார். ஒருமுறை சொல்லிவிட்டு ஒதுங்கவில்லை. திரும்பத் திரும்பத் தலையிட்டார். ஆலயத்திலேயே கோட்டைத் தளபதி ஹாசியஸ் முன் மண்டியிட்டு முறையிடச் சொல்லி அந்தப் பெண்ணுக்கு யோசனை சொன்னார். தளபதிக்குக் கோபம் வந்துவிட்டது, நேரில் வா என்று ஆள் அனுப்பினார். எழுத்து மூலமாக உத்தரவு கொடுங்கள், வருகிறேன் என்றார் சீகன்பால்கு. (எழுத்தில் கேட்பவனை எந்த மேலதிகாரிக்கும் பிடிக்காது, எனக்கும் இதில் சிறு அனுபவம் உண்டு.) கைது செய்தார்கள். விசாரணையில் பதில் சொல்ல மறுத்தார். நான்கு மாதத்துக்கு மேல் சிறையில் இருந்துவிட்டு 1709-ல்தான் வெளியே வந்தார்.

நம் மண்ணில் ஒரு விதவையின் கடனுக்காகப் பாதிரியார் ஒருவர் சிறை போனது முந்நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. என் தெருவில் ஒரு விதவை பிரசங்கியாருக்காகக் கடன்பட்டது 2023-ஆம் வருஷத்துக் கதை. இரண்டுக்கும் ஒரே வேதப் புத்தகம்.

இடையில் என்ன நடந்தது என்று கேட்டால், நெடுங்காலம் இதற்கு நேர் எதிரான பயம்தான் இருந்தது. மதம் மாறினால் சோறு கிடைக்கும் என்று ஜனங்கள் வந்துவிடுவார்களோ என்ற பயம். அரிசிக் கிறிஸ்தவர்கள் என்ற ஏச்சு அந்தக் காலத்தில் எல்லோர் வாயிலும் இருந்தது. சேலத்துக்கு லண்டன் மிஷன்காரர்கள் 1827-லேயே வந்துவிட்டார்கள். அதற்கு அரை நூற்றாண்டுக்குப் பிறகு வந்தது தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. சேலம் ஜில்லா அதில் பட்ட அடி கொஞ்சமல்ல. 1871-லும் 1881-லும் எடுத்த குடிமதிப்பை ஒப்பிட்டால் ஜில்லாவின் ஜனத்தொகை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருக்கிறது. நம் வயதுக்காரர்களின் பாட்டிகள் தாது வருஷம் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்துவார்கள், நினைவிருக்கிறதா?

அந்தப் பஞ்சத்தின்போது நம் சென்னை மாகாணத்தில், சென்னைக்கு வடக்கே ஓங்கோலில், ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் பாதிரியார் இருந்தார். நில அளவை தெரிந்தவர். பஞ்ச நிவாரணத்துக்காக அரசாங்கம் பக்கிங்காம் கால்வாய் வெட்டிக்கொண்டிருந்தது. அதில் மூன்றரை மைல் காண்டிராக்டை இவர் எடுத்து, பட்டினியில் வந்தவர்களுக்கு வேலையும் கூலியும் கொடுத்தார். கூலிக்கு வந்தவர்களில் நிறையப் பேர் ஞானஸ்நானம் கேட்டார்கள். அவர் கொடுக்கவில்லை. என் கையில் காசு இருக்கும்வரை ஒருவரையும் சேர்ப்பதில்லை என்று பதினைந்து மாதம் போல நிறுத்தி வைத்தார். பஞ்சம் ஓய்ந்து, கொடுக்கப் பணமும் இல்லை என்றான பிறகுதான் கதவைத் திறந்தார். 1878 ஜூலை 3-ஆம் தேதி ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றார்கள்.

மதமாற்றத்தைப் பற்றி உங்களுக்கு எந்த அபிப்பிராயமும் இருக்கலாம். அதை நான் இங்கே விவாதிக்க வரவில்லை. ஆனால் அந்த மனிதர் காசையும் கடவுளையும் ஒரே மேஜையில் வைக்கப் பயந்தார் பாருங்கள், அந்தப் பயத்தைச் சொல்லத்தான் வந்தேன்.

அதே அமெரிக்காவிலிருந்துதான் அந்தப் பயம் விட்டுப்போன கிறிஸ்தவமும் வந்தது. அங்கே 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ரஸ்ஸல் கான்வெல் என்ற பாப்டிஸ்ட் போதகர், பணக்காரனாவது உன் கடமை என்ற கருத்தில் 'வைர வயல்கள்' என்று ஒரு சொற்பொழிவு தயாரித்து ஆறாயிரம் தடவைக்கு மேல் பேசினார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. சம்பாதித்ததில் ஏழைப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார், அவர் ஆரம்பித்த பல்கலைக்கழகம் இன்றும் பிலடெல்பியாவில் இருக்கிறது. அவர் உழைத்துச் சம்பாதி என்றார். பின்னால் வந்தவர்கள் உழைப்பு இருந்த இடத்தில் காணிக்கையை வைத்தார்கள்.

ஓரல் ராபர்ட்ஸ் என்பவர்தான் காணிக்கையை விதை என்று அழைக்கும் பழக்கத்தை உலகம் முழுக்கப் பரப்பினார். 1970-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். இன்று நம் ஊர் மேடைகளில் கேட்கும் விதை, அறுவடை, நூறு மடங்கு என்ற பேச்சு பெரும்பாலும் அந்த வழியில் வந்ததே. 1987-ல் அவர், மார்ச் மாதத்துக்குள் 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் என்னை எடுத்துக்கொள்வார் என்று தொலைக்காட்சியில் அறிவித்தார். பணம் சேர்ந்தது. அவர் கட்டிய பெரிய ஆஸ்பத்திரி 1989-ல் மூடப்பட்டது.

அந்த 1989-ல்தான் ஜிம் பேக்கர் வழக்கும் முடிந்தது. தொலைக்காட்சிப் பிரசங்கியார். ஆயிரம் டாலர் கொடுத்து ஆயுள் பங்காளர் ஆனால் வருஷந்தோறும் மூன்று இரவு எங்கள் ஓட்டலில் இலவசமாகத் தங்கலாம் என்று விற்றார். இருந்த அறைகள் சில நூறு. பங்காளர்களோ பல பத்தாயிரம் பேர். ஒரே மனையைப் பத்துப் பேருக்குப் பத்திரம் பதிந்த மாதிரி. 45 வருஷம் தண்டனை விதித்தார்கள். பிறகு குறைக்கப்பட்டு 1994-ல் வெளியே வந்தார். 1996-ல் 'நான் தவறு செய்தேன்' என்ற பொருளில் தலைப்பு வைத்து ஒரு புத்தகம் எழுதினார். பைபிளை முதலிலிருந்து கடைசி வரை சிறையில்தான் முதன்முதலாகப் படித்தாராம். அத்தனை வருஷப் பிரசங்கத்துக்குப் பிறகு! தைரியமாக ஒப்புக்கொண்டதற்கு அவரை மதிக்கிறேன்.

நமக்குப் பக்கத்தில் சிங்கப்பூர். நம் தமிழர்கள் நிறைய வாழும் ஊர், கணக்கில் கறாரான அரசாங்கம். சிட்டி ஹார்வெஸ்ட் என்ற பெரிய சபையின் நிறுவனர் காங் ஹீயும் உடன் ஐந்து பேரும் சபைப் பணம் சுமார் 5 கோடி சிங்கப்பூர் டாலரை முறைகேடாகக் கையாண்டதாக 2015-ல் தீர்ப்பானது. அவருடைய மனைவியைப் பாப் பாடகியாக உலகச் சந்தையில் ஏற்றுவதற்குச் சபையின் கட்டட நிதியைச் சுற்றிவளைத்துச் செலவழித்தார்கள். சொந்தப் பைக்குள் போட்டதாக நீதிமன்றம் சொல்லவில்லை; நம்பிக்கை மோசடி என்றது. எட்டு வருஷத் தண்டனை 2017-ல் மேல்முறையீட்டில் மூன்றரையாகக் குறைந்தது.

இந்தக் கதைகளிலெல்லாம் ஒரு வழக்கு இருந்தது, ஒரு தீர்ப்பு வந்தது. என் தெரு அம்மாவுக்கு அது கூடக் கிடையாது. 2012-ல் பெருந்துறைப் பக்கம் ஈமு கோழி நிறுவனங்கள் மூடியபோது நமக்குத் தெரிந்த எத்தனை பேர் தலையில் கைவைத்து உட்கார்ந்தார்கள்! என்றாலும் அவர்கள் கையில் ஒப்பந்தப் பத்திரம் இருந்தது. முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-லேயே தமிழ்நாட்டில் வந்துவிட்டது. பொருளாதாரக் குற்றப் பிரிவு என்று ஒரு போலீஸ், கோயம்புத்தூரில் தனி நீதிமன்றம். காணிக்கைக்கு இதெல்லாம் எங்கே? மனமுவந்து கொடுத்தது. சாட்சி ஆண்டவர். வாக்கு நிறைவேறாவிட்டால் தவறு எப்போதும் கொடுத்தவர் பக்கம். கருவூலத்தில் இப்படி ஒரு பில்லை எவனாவது நீட்டியிருந்தால் சிவப்பு மையில் எழுதித் திருப்பியிருப்பேன்.

பெந்தெகொஸ்தே சபைகளை மொத்தமாகக் குறை சொல்கிறேன் என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். குடியில் விழுந்து கிடந்த ஆண்கள் அந்தச் சபைகளுக்குப் போய்க் குடியை விட்டதை இதே வாழப்பாடியில் பார்த்திருக்கிறேன். ஓலைக் கொட்டகையில் ஜெபம் நடத்தி, ஆஸ்பத்திரியில் பக்கத்துப் படுக்கைக்காரருக்கும் கஞ்சி கொண்டுபோகிற போதகர்களையும் தெரியும். செழிப்பு உபதேசத்தால் முதலில் வாடுவது அவர்கள்தான். தொலைக்காட்சி ஐயாவுக்கு விதை போட்ட கையில் உள்ளூர்ப் போதகருக்கு ஒன்றும் மிஞ்சாது. பரிகாரம், தோஷம் என்று பணம் கறப்பவர்கள் மற்ற மதங்களிலும் இருக்கிறார்கள். நான் அறிந்த வீட்டைப் பற்றி எழுதுகிறேன், அவ்வளவே.

பிரெஞ்சு வகுப்பில் மொலியேர் எழுதிய 'தார்த்துய்ப்' நாடகத்தை எங்களுக்குப் பாடமாக வைத்திருந்தார்கள். 1664-ல் அரண்மனையில் நடித்ததும் தடை செய்யப்பட்ட நாடகம். 1669-ல்தான் பொதுமேடைக்கு விட்டார்கள். பக்தி வேஷக்காரன் ஒருவனுக்கு ஒரு குடும்பத் தலைவர் சொத்தையே எழுதிவைக்கிற கதை. வகுப்பில் வேஷக்காரனைப் பார்த்துத்தான் சிரிப்போம். இந்த வயதில் எனக்கு எழுதிக்கொடுத்த குடும்பத் தலைவரின் முகம்தான் கண்ணில் நிற்கிறது. அவர் முட்டாள் இல்லை. நல்லவனாக இருக்க ஆசைப்பட்டவர்.

இப்படிப்பட்ட கூட்டங்களில் இரண்டு காசு போட்ட ஏழை விதவையின் கதையைத் தவறாமல் சொல்கிறார்கள். மாற்கு எழுதிய சுவிசேஷம், 12-ஆம் அதிகாரம். அதற்குச் சற்று முன்னால், விதவைகளின் வீடுகளை விழுங்கிக்கொண்டு நீண்ட ஜெபம் பண்ணுகிறவர்களை இயேசு கண்டிக்கிறார். அடுத்தடுத்து இருக்கும் பகுதிகள் இவை. முதலாவதை விட்டுவிட்டு இரண்டாவதில் ஆரம்பிப்பது எப்படி என்று எனக்குப் புரியவில்லை. தசமபாகத்துக்கு மல்கியாவைக் காட்டுகிறார்கள். உபாகமம் 14-ஆம் அதிகாரத்தையும் காட்டலாமே? மூன்றாம் வருஷத்துத் தசமபாகத்தை ஊர் வாசலில் வைத்து லேவியனும் பரதேசியும் அநாதையும் விதவையும் சாப்பிட்டுத் திருப்தியடையட்டும் என்கிறது அது. விதவை அங்கே வாங்குகிறவள்.

எங்கள் திருச்சபையும் இப்போதெல்லாம் பேசுகிறது. 2018-ல் ரோமிலிருந்து வரும் ஏசு சபையாரின் பத்திரிகை ஒன்று இந்த உபதேசத்தை ஆபத்தானது என்று நேரடியாகவே எழுதியது. லோசான் இயக்கம் என்ற சுவிசேஷ சபையாரின் கூட்டமைப்பில் ஆப்பிரிக்க இறையியலாளர்கள் கானாவில் 2008-லும் 2009-லும் கூடி, ஏழைகளின் பெயரால் நடக்கும் இதை எதிர்த்து அறிக்கை தயாரித்தார்கள். பாக்குக் களம் வரை அந்த அறிக்கைகள் வந்து சேரவில்லை.

கடிதத்துக்கு வருகிறேன். மறுநாள் அந்த அம்மா வந்தபோது, "ரசீது ஏதாச்சும் குடுத்தாங்களாம்மா?" என்று கேட்டேன். ஒரு கவரைப் பிரித்துக் காட்டினார். உள்ளே ஒரு வண்ண அட்டை, அதில் வாக்குத்தத்த வசனம், கூடவே விரல் நீளத்துக்கு ஓர் எண்ணெய்ப் பாட்டில். தொகையும் இல்லை, தேதியும் இல்லை, கையெழுத்தும் இல்லை.

நான் பழக்க தோஷத்தில் முதல் பத்தியில், இன்ன மாதம் இன்ன தொகை குழுக் கடன் வாங்கிச் செலுத்தினேன், அதில் பதின்மூன்று தவணை இன்னும் பாக்கி என்று எழுதிவிட்டேன். படித்துக் காட்டியதும் அந்த அம்மா பதறிப்போனார். "பணத்தப் பத்தி வேணாங்க சார். ஐயா தப்பா நெனச்சுக்குவாருங்க." வேறு தாளில் எழுதினேன். அவர் சொன்னபடியே, என் விசுவாசத்தில் எங்கே குறை என்று ஒரே கேள்வி. "நீங்க எந்தக் குறையும் வைக்கலம்மா" என்று நான் சொன்னதை அவர் கேட்டுக்கொண்டார். நம்பினாரா என்று தெரியாது. நான் பிரசங்கியார் இல்லையே.

வாழப்பாடி தபால் ஆபீசில் ஒப்புதல் அட்டையோடு பதிவுத் தபாலில் நானே போய் அனுப்பினேன். பத்து நாளில் அட்டை திரும்பி வந்தது, யாரோ ஒருவர் கையெழுத்தும் தேதியும் போட்டு. பதில் வரவில்லை. அந்த அட்டையை அவர் பைபிளுக்குள் வைத்திருக்கிறார். மாசி வரைக்கும் களத்தில் வேலை இருந்தது, தவணை தப்பவில்லை.